அலங்கோலம்: முதலில் ஒரு கோலம் இருந்தாக வேண்டும்

வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? புனேயில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகள் போன மார்கழியில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டு, மலைக்காற்றை முகத்தில் வாங்கியபடியே வந்திருக்கிறாள். பெருமாள்மலை வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தூறல். டாக்ஸிக்காரர் கேட்ட காசைக் கொடுக்க மனசு வராமல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாயுடுபுரம் வரைக்கும் நடை. வாசலில் வந்து நின்றபோது தலை க்ளிப் ஒரு பக்கமாகத் தொங்கியது. துப்பட்டா இடுப்பில் முடிச்சாகியிருந்தது. ஈர முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

என் அம்மா, அதாவது அவளுடைய அம்மாச்சி, கதவைத் திறந்ததும் கேட்டார்: "என்னடி இது அலங்கோலம்? பஸ்ஸுல வந்தியா, பஸ்ஸத் தள்ளிக்கிட்டு வந்தியா?"

அவள் முகம் மலர்ந்து, "தேங்க்ஸ் அம்மாச்சி" என்றாள்.

அவள் காதில் விழுந்தது 'அலங்காரம்'. பாதிச் சொல் வரைக்கும் இரண்டும் ஒன்றாகவே போவதால் அவளைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ராத்திரி கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஒரு சொல்லை அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். ஒரு ராத்திரியில் முடியவில்லை. அவள் ஊருக்குப் போகும் வரைக்கும் அது நீண்டது. தமிழ் பேசுவார்கள், ஆனால் இப்படிப்பட்ட சொற்களில் தடுக்கி விழுவார்கள் என்கிற நிலையில் நம் வீடுகளில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பின்பாதியிலிருந்து தொடங்குவோம்

அகராதியைத் திறந்தால் அலங்கோலத்துக்கு 'ஒழுங்கின்மை, சீர்குலைவு, குழப்பம்' என்று இருக்கும். சரியான பொருள்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் "டிராஃபிக் அலங்கோலமாக இருந்தது" என்று எழுதுவார்கள். தப்பென்று அடிக்க முடியாது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதனால் அகராதியை ஓரமாக வைத்துவிட்டு, சொல்லின் பின்பாதியைப் பார்ப்போம்.

கோலம் என்றால் வாசலில் போடுவது. அதற்கு முன்னால், கோலம் என்றால் தோற்றம். ஒருவர் தன்னை எப்படி உடுத்தி, எப்படி அமைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது. மணக்கோலம், தவக்கோலம், போர்க்கோலம், மாறுகோலம் எல்லாம் இந்தப் பொருளில் வருபவை. அழகு என்ற பொருளும் உண்டு. மார்கழியில் மைக்கில் கேட்கும் திருப்பாவையில் 'கோல விளக்கே' என்று வருகிறதே, அங்கே கோலம் என்றால் அழகு. ஆக அமைப்பு, தோற்றம், அழகு மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

இந்தக் கோலம் குலைந்துபோன நிலைதான் அலங்கோலம்.

இதைச் சொன்னதும் அவள் "அப்போ 'அலங்' என்றால் என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சில நாள் கழித்து ஒரு காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசியதைவிட அது நன்றாகப் புரியவைத்தது.

மார்கழி என்றால் அம்மாவுக்கு ஐந்தரைக்கே வாசல். வெளியே பனியில் எதிர்வீட்டு கேட் தெரியாது. மங்கி கேப், அதன்மேல் ஒரு கம்பளித் துண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டர். அந்தக் குளிரிலும் பதினொரு புள்ளி, ஆறு வரை, ஊடுபுள்ளி. நடுவரிசையில் பதினொன்று வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து ஆறில் நிறுத்துவது. அரை மணி நேரம் குனிந்தபடியே இழுத்து முடித்துவிட்டுக் காபி போட உள்ளே வந்தார். நாங்களும் கம்பளிக்குள்ளிருந்து எழுந்து வந்தோம். திரும்பக் கதவைத் திறந்தால், கோலத்தின் நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு குளம்படி. இரண்டாகப் பிளந்த குளம்பு. வலது பக்க இதழ்கள் மூன்று வழித்துப் போயிருந்தன. வெள்ளைப் பொடி வாசல்படி வரைக்கும் இழுபட்டு, ஈரத்தில் குழைந்திருந்தது. காட்டுமாடு தெருவோடு போயிருக்கிறது. கொடைக்கானலில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பால்காரர் வருகிற மாதிரி அதுவும் வரும். செடியைத் தின்னாமல் போனதே என்று சந்தோஷப்பட வேண்டும்.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அலங்கோலம் பண்ணிட்டுப் போயிருச்சு பாரு" என்றார்.

அக்கா மகள் குனிந்து போட்டோ எடுத்தாள். பிறகு, "முந்தாநாள் இந்த வாசல் வெறும் ஈரத் தரையாத்தானே இருந்தது? அப்போ அம்மாச்சி அலங்கோலம்னு சொல்லலையே?" என்றாள். முந்தாநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், கோலம் போடவில்லை. வெறுந்தரையை யாரும் அலங்கோலம் என்று சொல்வதில்லை. பதினொரு புள்ளி வைத்து இழுத்த பிறகுதான் அது அலங்கோலம் ஆக முடியும். இவ்வளவு நாள் இந்தச் சொல்லை வாயில் போட்டுப் புழங்கியும் நான் அப்படி யோசித்ததில்லை.

எதை அலங்கோலம் என்று சொல்வதில்லை

ஒரு சொல்லைப் பழக அது எங்கே வரும் என்பதைவிட எங்கே வராது என்று பார்ப்பது நல்லது. கொடைக்கானலைச் சுற்றியே எடுத்துக்காட்டுகள் கிடக்கின்றன.

சோலைக்காட்டுக்குள் போயிருக்கிறீர்களா? மரத்தின்மேல் பாசி, பாசியின்மேல் பெரணி, கொடிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, விழுந்த மரம் விழுந்தபடியே மக்கிக்கொண்டு இருக்கும். கால் வைக்க இடம் இருக்காது. ஆனாலும் "காடு அலங்கோலமா இருக்கு" என்று தமிழ் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 'அடர்ந்து கிடக்கு', 'மண்டிக் கிடக்கு' என்பார்கள். அதே செடிகொடி ஏரிக்குப் பக்கத்திலுள்ள பிரையண்ட் பூங்காவில் பாத்தியை மீறி நடைபாதையில் படர்ந்தால், "பூங்காவை அலங்கோலமா வச்சிருக்காங்க" என்று உள்ளூர்க்காரர் முதல் ஆளாக முணுமுணுப்பார். 1908இல் பாத்தி கட்டி, செடி தேர்ந்து வைத்துத் தொடங்கிய இடம் அது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிற இடம். அங்கே இருக்க வேண்டிய கோலம் எது என்று எல்லோருக்கும் மனசில் ஒரு படம் இருக்கிறது. காட்டைப் பற்றி அப்படி ஒரு படம் யாருக்கும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை வழியாகப் போனபோது மரங்கள் சாலைகளில் சாய்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த நாட்களில் 'ஊரே அலங்கோலமாக் கிடக்கு' என்றுதான் எல்லோரும் போனில் சொன்னோம். ஊர் என்று சொன்னோம். காட்டுக்குள்ளும் மரங்கள் சாய்ந்திருக்கும்; அதற்கு அந்தச் சொல்லை யாரும் செலவழிக்கவில்லை.

மலைக்குக் கீழே பழனிக்கு வாருங்கள். அடிவாரக் கடைகளில் முருகன் படம் இரண்டு விதமாகத் தொங்கும். ஒன்றில் கிரீடம், பட்டு, நகை, ராஜ அலங்காரம். இன்னொன்றில் மொட்டைத் தலை, கோவணம், கையில் தண்டம், ஆண்டிக் கோலம். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்து நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். உடம்பில் ஒரு முழத் துணிகூட முழுசாக இல்லை. ஆனால் அது அலங்கோலம் இல்லை, கோலம். துறந்தவன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நிற்கிறான். ஒரு குறையும் இல்லை. கோயிலில் விடியற்காலைப் பூஜைக்கு ஆண்டியாகவும் சாயரட்சைக்கு ராஜாவாகவும் அலங்கரிக்கிறார்கள். அர்ச்சகருக்கு இரண்டும் ஒரே அளவு வேலைதான் என்று நினைக்கிறேன்.

பழனிக்கு முடி இறக்க வேண்டிக்கொண்டவரும் இதே கணக்கில் வருகிறார். மாதக்கணக்கில் கத்தி படாத முடி, தாடி. சந்தையில் அவரைப் பார்க்கும் புதியவர் "என்னங்க இப்படி?" என்று வாயெடுப்பார். "பழனிக்கு வேண்டுதல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதே தாடி அந்த நொடியிலேயே மரியாதைக்குரிய தாடி ஆகிவிடும்.

'பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?' என்று ஒரு பழமொழி இருக்கிறது. நேற்று வரை வசதியாக இருந்து இன்றைக்குப் பிச்சைக்கு வந்தவனா, தலைமுறையாகவே ஆண்டியா என்று கேட்பது. அலங்கோலம் என்ற சொல் பஞ்சத்து ஆண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். பரம்பரை ஆண்டிக்கு அதுதான் கோலம். எந்த இலக்கண விளக்கத்தையும்விட இந்தப் பழமொழியைத்தான் அக்கா மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சொல் தவறாகப் போய் விழுகிற இடம் ஒன்று உண்டு, அதைப் பார்த்தே ஆக வேண்டும். பூம்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படிக்கட்டு மாதிரி இறங்கும் பாத்திகளைப் பார்க்க இப்போது எல்லோரும் வருகிறார்கள். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அக்கா பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் ஆம்பளைச் சட்டை. கைநீளம் முழங்கை வரை மடித்திருந்தது. தலையில் துண்டு. துண்டுக்கு வெளியே வந்த முடியிலும் புருவத்திலும் பூண்டுச் சருகு, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, ஊதினால் பறக்கிற மாதிரி. காலில் மண் காய்ந்த ரப்பர் பூட்ஸ். கூட வந்த ஒரு சுற்றுலாக்காரர் மெல்லிய குரலில், "பாவம், எவ்வளவு அலங்கோலமா..." என்று தொடங்கினார்.

அக்கா மகள் போனை எடுத்து, "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள். "வேலக் கோலத்துல இருக்கேன்ல கண்ணு, இரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை இல்லை, துண்டு இல்லை, தலை வாரியிருந்தது, நெற்றியில் புதுசாகப் பொட்டு. படம் எடுத்து முடித்ததும் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு பூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

'வேலைக் கோலம்.' பார்த்தவர் அலங்கோலம் என்றார், இருந்தவர் கோலம் என்றார். பாத்தியிலும் சந்தையிலும் பட்டறையிலும் இருப்பவரைப் பார்த்து இந்தச் சொல் வாய்க்கு வரும்போது, குலைந்துபோன கோலம் எது என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இருப்பதும் கிடப்பதும்

இனி வாக்கியத்தில் எப்படி வைப்பது. அலங்கோலம் தனியாகப் பெயர்ச்சொல்லாக வரும்: "என்ன அலங்கோலம் இது!" கூடவே 'ஆக' சேர்ந்து அலங்கோலமாக என்று வருவதுதான் அதிகம், பேச்சில் அலங்கோலமா. 'அலங்கோலமான அறை' என்று எழுதலாம், ஆனால் பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, "ரூம் அலங்கோலமாக் கிடக்கு" என்றுதான் வரும். ஒருவர் செய்தார் என்றால் 'அலங்கோலப்படுத்தினார்'. வீட்டில் "அலங்கோலம் பண்ணிட்டான்". எழுத்தில் ஐந்தாவது எழுத்துக்குக் குண்டு ள போட்டு 'அலங்கோளம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாசலில் போடும் கோலத்துக்கு எந்த ல வோ அதே ல.

இதெல்லாம் எளிது. கவனமாக இருக்க வேண்டியது இதோடு சேர்கிற வினைச்சொல்லில்.

அறை கிடக்கும். துணி கிடக்கும். பை கிடக்கும். "மேஜை அலங்கோலமாகக் கிடக்கிறது" என்பது சாதாரண வாக்கியம். ஆனால் மனிதர் இருப்பார், நிற்பார், வருவார். "அவர் அலங்கோலமாக வந்தார்" என்றால் தலை வாரவில்லை, சட்டை கசங்கியிருந்தது, ஏதோ அவசரம். "அவர் அலங்கோலமாகக் கிடந்தார்" என்று வினையை மட்டும் மாற்றிப் பாருங்கள். குடித்துவிட்டு விழுந்தவரோ, விபத்தில் சிக்கியவரோ, அதற்கும் மேலே ஏதோ நடந்துவிட்டவரோ என்று படிப்பவர் மனசு எங்கெங்கோ போய்விடும். பெண்ணைப் பற்றி 'அலங்கோலமான நிலையில் கிடந்தார்' என்று செய்தித்தாள் எழுதினால் அதில் சொல்லாமல் சொல்லப்படும் செய்தி வேறு. அக்கா மகள் தன் தோழியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள்: "அவள் காலையில் அலங்கோலமாகக் கிடந்தாள்." தூங்கி எழுந்து தலை கலைந்து இருந்தாள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அம்மா படித்துவிட்டு, "ஐயையோ, அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்றார்.

இன்னொன்று. 'அலம்' வேண்டாம், வெறும் கோலமே போதும் என்கிற இடமும் இருக்கிறது. "இது என்னடா கோலம்?" என்று குரலை இழுத்துக் கேட்டால் அது அலங்கோலம்தான். கல்யாண மேடையில் "என்ன ஒரு கோலம்!" என்றால் கண்ணேறு கழிக்க வேண்டிய அழகு. எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், குரலில்தான் பிரியும். இதை மொபைலில் டைப் செய்து அனுப்பினால் சண்டை வர வாய்ப்பு உண்டு.

தலை, துணி, அறை

தமிழில் கலைந்த தோற்றத்துக்குச் சொற்கள் ஏராளம். எல்லாவற்றையும் அலங்கோலம் என்ற ஒரே பெட்டியில் போடக்கூடாது. துணியில் சுருக்கம் விழுந்தால் கசங்கல், கிழிந்தால் கந்தல், கறை பட்டால் அழுக்கு. இந்த மூன்றும் துணியோடு நின்றுவிடும்.

தலைமுடிக்கு வந்தால்தான் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. மலையில் வாழ்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூடுபனி நாளில் காற்றிலுள்ள ஈரத்தை முடி உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எல்லா இழையும் ஒரே அளவுக்கு உப்பாது; அதனால் வீட்டில் வாரிய வகிடு கடைத்தெருவுக்குப் போவதற்குள் தன் இஷ்டத்துக்கு நிற்கும். அந்த நிலைக்குப் பெயர் 'கலைந்த தலை'. இது லேசானது, இதில் அழகுகூட உண்டு. எண்ணெய் காணாமல் வறண்டு நாலாபக்கமும் விரிந்து நிற்பது பரட்டை. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் பாத்திரத்துக்கு அதுவே பெயரானது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சிக்கு. சிக்கு முற்றிக் கட்டியாகிவிட்டால் சடை பிடித்தது.

சடையில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரிப்பன் வைத்துப் பின்னுவதும் சடை. மன்னவனூர் செம்மறிப் பண்ணையில் மயிர் கத்தரிப்பதற்கு முன்னால் ஆட்டின் மேல் திரண்டு நிற்பதையும் சடை என்று சொல்லலாம். பின்னினால் ஒழுங்கு, பிடித்தால் குளறுபடி. இங்கேயும் வினைச்சொல்தான் தீர்மானிக்கிறது.

தலைவிரி கோலம் தனி ரகம். பின்னாமல் முடியாமல் கூந்தலை அவிழ்த்துவிட்டு இருப்பது. விளக்கு வைக்கும் நேரத்தில் பேத்தி முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தால் எந்த அம்மாச்சியும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. துக்க வீட்டின் தோற்றம் அது என்பதால் அந்தப் பயம். பேத்திகளோ அதை ஃப்ரீ ஹேர் என்று சொல்லிக் கல்யாணத்துக்கே அப்படித்தான் போகிறார்கள். ஒரே கூந்தல், இரண்டு தலைமுறை, இரண்டு கோலம். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் துணிவில்லை. கண்ணகி பாண்டியன் அவைக்குள் நுழைந்ததும் தலைவிரி கோலத்தில்தான்: உடம்பெல்லாம் புழுதி, விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு. தேர்வில் 'கண்ணகி அலங்கோலமாக வந்தாள்' என்று ஒரு மாணவர் எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அவள் வழியில் எங்கோ கலைந்துபோய் வந்தவள் அல்ல; தன் நிலையை அரசன் கண்ணால் பார்க்கட்டும் என்று வந்தவள்.

இடத்துக்கும் பொருளுக்கும் இன்னும் சில உண்டு. தாறுமாறு, கந்தரகோளம், கண்றாவி. கந்தரகோளம் மதுரை, திண்டுக்கல் பக்கத்து வாயில் நன்றாக உருளும். அலங்கோலத்தைவிட ஒரு படி மேலே போன குழப்பம். கண்றாவியில் அருவருப்பு கலந்திருக்கும். தாறுமாறுக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது: "படம் தாறுமாறா இருக்கு" என்றால் பிரமாதம் என்று அர்த்தம். அலங்கோலத்துக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை. "சட்டை அலங்கோலமா இருக்குடா" என்று பாராட்டிப் பாருங்கள், நட்பு முறியும்.

அவலட்சணம் என்ற சொல்லை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அலங்கோலம் சீப்பும் சோப்பும் பட்டால் சரியாகிவிடும். பத்து நிமிஷ விஷயம். அவலட்சணம் என்பது ஒருவர் பிறந்த முகத்தைப் பற்றிய பேச்சு. கேட்டவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

யார் யாரைச் சொல்லலாம்

அம்மா பிள்ளையைச் சொல்லலாம். அக்கா தம்பியைச் சொல்லலாம். நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லலாம். தன்னையே சொல்லிக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை. "வீடியோ கால் வேண்டாம், அலங்கோலமா இருக்கேன்" என்பதுதான் இன்றைக்கு இந்தச் சொல் அதிகம் புழங்கும் வாக்கியம் என்று தோன்றுகிறது. விருந்தாளி திடீரென வந்தால், "உள்ள வாங்க, வீடு அலங்கோலமா கிடக்கு, தப்பா நினைக்காதீங்க" என்பது மரியாதையின் ஒரு பகுதி. வீடு பளிச்சென்று இருந்தாலும் சொல்வார்கள்.

பெரியவரைப் பார்த்து "அலங்கோலமா இருக்கீங்க" என்று சொல்வதில்லை. 'இருக்கீங்க' என்று எவ்வளவு மரியாதை சேர்த்தாலும் அது ஒட்டாது. "தாத்தா, சட்டைப் பட்டன் மாறியிருக்கு" என்று எது குலைந்திருக்கிறதோ அதை மட்டும் சொல்லலாம். "அத்தை, சேலை கொஞ்சம் ஒதுங்கியிருக்கு" என்று காதோடு சொல்லலாம். முழுக் கோலத்தையும் குறை சொல்லும் சொல் இது என்பதால் வயதில் கீழே இறங்கித்தான் பாயும், மேலே ஏறாது. அரசியல் மேடை விதிவிலக்கு. அங்கே எதிர்த்தரப்பு ஆட்சி எப்போதும் அலங்கோல ஆட்சிதான், யார் ஆண்டாலும்.

அலங்கும் பிடரி

'அலங்' என்றால் என்ன என்று கேட்டாளே, அதற்கு வருகிறேன்.

அலங்காரம் வடமொழியிலிருந்து வந்த சொல். அலங்கோலத்தின் முன்பாதியை அதோடு முடிச்சுப் போட்டால் பொருள் தலைகீழாகப் போகிறது. ஆனால் தமிழில் அலங்குதல் என்று ஒரு பழைய வினை இருக்கிறது. அசைதல் என்று பொருள். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் 'அலங்குளைப் புரவி' என்று வரும். உளை என்றால் குதிரையின் பிடரி மயிர். ஓடும்போது பிடரி மயிர் அசைகிற குதிரை. தொல்காப்பியம் அலமரல் என்ற சொல்லுக்குச் சுழற்சி என்று பொருள் சொல்கிறது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் 'அலங்க மலங்க' விழிக்கிறார். அசைவு, சுழற்சி, நிலைகொள்ளாமை. இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் அலங்கோலத்தை உட்காரவைத்து, நிலைகுலைந்து ஆடிப்போன கோலம் என்று நினைத்துக்கொண்டால் அலங்காரத்தோடு குழம்பாது. சொற்பிறப்பு என்று சத்தியம் செய்து இதைச் சொல்லவில்லை. நினைவில் நிறுத்த ஒரு கொக்கி.

இதைச் சொல்லும்போது ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். வாடகைக் குதிரை ஒன்று ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடியது. பிடரி மயிர் காற்றில் ஒரு பக்கமாக எழுந்து, விழுந்து, எழுந்து. "அலங்குது" என்றாள். ஓட்டி முடித்து நிறுத்தியபோது அதே மயிர் குதிரையின் கண்ணை மறைத்துக்கொண்டு, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஒட்டிக் கிடந்தது. குதிரைக்காரர் விரல்களாலேயே கோதிவிட்டார். அடுத்த சவாரிக்குக் கோலம் தயார்.

அவள் புனே திரும்பி மூன்று வாரம் இருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு படம் போட்டிருந்தாள். மகளின் அறை. கட்டில்மேல் துணிமலை, நாற்காலியில் இன்னொரு மலை, தரையில் சார்ஜர், புத்தகம், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், ஒற்றைச் சாக்ஸ். கீழே அக்கா எழுதியிருந்தாள்: "அலங்கோலம்!!!"

இரண்டு நிமிஷத்தில் மகளிடமிருந்து தமிழிலேயே பதில் வந்தது. "அம்மா, இந்த ரூம் எப்பவாவது வேற மாதிரி இருந்து நீ பாத்திருக்கியா? இது அலங்கோலம் இல்ல. பரம்பரை ஆண்டி. சித்திகிட்ட கேளு."

அம்மா அந்தக் குழுவில் எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். நாலு செகண்ட் குரல் பதிவு ஒன்று வந்தது: "அந்த ஒத்தச் சாக்ஸு இன்னும் என் வீட்டுலதான்டி கிடக்கு."